ஒன்றரைக் கேரம் காய்

முலுண்டிலிருந்து ஒரு தம்பி நம் சாணைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருந்தான்: "அண்ணாச்சி, கத்திக்கு எத்தனை டிகிரி வைக்கணும்? பதினஞ்சா, இருபதா? எது ரொம்ப நாள் நிக்கும்?" அதற்குக் கீழே ஆளாளுக்கு ஒரு நம்பர் போட்டிருந்தீர்கள். ஒருவர் ஜப்பான்காரன் முறை என்கிறார். இன்னொருவர் ஜெர்மனி என்கிறார். என் கடை இருக்கிற தாராவி என்று ஒருத்தராவது சொல்வீர்களா என்று பார்த்தேன். இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். டிகிரி தெரியாது. எனக்குத் தெரிந்தது கேரம் காய். கத்தியைக் கல்லில் படுக்கப் போட்டு, அதன் முதுகுக்கு அடியில் ஒரு கேரம் காயை வைத்தால் எவ்வளவு தூக்கி நிற்குமோ அது 'ஒரு காய்' சரிவு. மெல்லிய கூர். இரண்டு காயை அடுக்கி வைத்தால் 'இரண்டு காய்' சரிவு. தடித்த கூர், வெட்டுக்கத்திக்கு ஆகும். கண் பழகும்வரைதான் காய் தேவை. அதன் பிறகு மணிக்கட்டே காய். மாட்டுங்காவில் கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவர்களிலிருந்து செம்பூர் ஓட்டல்காரர்கள் வரை என் கையில் கூர் வைக்காதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன். யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு சாணைக் கல்லோடு ஆரம்பித்து மூன்று மோட்டார் போட்டவன் பெருமைப்படாமல் வேறு யார் படுவது?

என்னுடைய விளம்பரம் என் இடது கை. கூர் வைத்து முடித்ததும் வாடிக்கையாளர் கண் முன்னாலேயே முழங்கை முடியைச் சிரைத்துக் காட்டுவேன். முப்பது வருஷம் என் இடது கையில் முடியே கிடையாது. பிறகு கத்தியைத் தோல் பட்டையில் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி ஆக்குவேன். வாங்கிக்கொள்கிறவர் அதில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொள்ளலாம்.

அந்தக் கண்ணாடிதான் என்னைக் கவிழ்த்தது.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கறிக்கடை. நடத்துகிறவர் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். நானும் காக்கா என்றே கூப்பிடுவேன். அவர் கறி வெட்டும் நீளக் கத்தி பல வருஷமாக என்னிடம்தான் வரும். ஒரு காய் சரிவு, கண்ணாடிப் பளபளப்பு. ஒரு வாரம் அசையாமல் நிற்கும்.

பக்ரீத் அன்று காக்காவுக்கு வேறு வேலை. எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் அத்தனைக்கும் குர்பானி ஆடுகளை, அதாவது பெருநாள் பலி ஆடுகளை, அவர்தான் அறுப்பார். அனுமதி வாங்கி, தகரத் தடுப்புப் போட்டு, காலைத் தொழுகை முடிந்ததும் ஆரம்பிப்பார். அதில் அவருக்குச் சில கட்டாயங்கள் உண்டு. கத்தி பல் விழாமல் இருக்க வேண்டும். கையை எடுக்காமல் ஒரே ஓட்டத்தில் முடிய வேண்டும். ஒரு ஆடு அறுபடுவதை இன்னொரு ஆடு பார்க்கக் கூடாது. ஆட்டின் கண் முன்னால் கத்தியைத் தீட்டவே கூடாது. அதாவது, நம் ஆட்கள் செய்கிற மாதிரி நடுவில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொள்ள வழி இல்லை. கொண்டுபோன கூரோடுதான் நிற்க வேண்டும்.

வழக்கமாக அவர் இரண்டு மூன்று கத்தி கொண்டுபோவார். அந்த வருஷம் கத்தியைக் கொடுக்கும்போது நான் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "ஒரு கத்தி போதும் காக்கா. சாயங்காலம் வரைக்கும் நிக்கலைன்னா என் பேரை மாத்திக்கிடுதேன்."

அன்று மத்தியானமே காக்கா வந்துவிட்டார். பெருநாள் சட்டைகூடப் போடவில்லை. துணியில் சுற்றிய கத்தியை மேஜையில் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒம்பதாவது ஆட்டுல வழுக்கிட்டு அண்ணாச்சி. கத்தி ஓடல. கையை எடுத்து மறுபடி வைக்க வேண்டியதாப் போச்சு."

"எலும்புல பட்டிருக்கும் காக்கா."

"படல. எனக்குத் தெரியாதா?" கத்தியின் துணியை இன்னும் இறுக்கிச் சுற்றினார். பிறகு, "அது என்னைப் பாத்துச்சு" என்றார்.

மீதி ஆடுகளை அவருடைய மச்சான் வேறு கத்தியில் முடித்தாராம். காக்கா வெளியே வந்துவிட்டார். "இனிமே கறி வெட்டுதேன், விக்கேன். குர்பானிக்குக் கை வைக்க மாட்டேன். கத்தி எப்போ நிக்கும், எப்போ போவும்னு என் கைக்குத் தெரியும்னு நெனச்சிருந்தேன். தெரியல."

அவர் போன பிறகு நான் என்ன செய்தேன் என்று உண்மையைச் சொல்கிறேன். கத்தியைக் குறை சொன்னேன். உருக்கு சரியில்லை என்றேன். அந்த மச்சான் தகரத்தில் எங்கேயாவது இடித்திருப்பான் என்றேன். என் வீட்டுக்காரி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்: "கடையில ஒரு வாரம் நின்ன கத்தி, பெருநாளைக்கு ஒரு காலைகூட நிக்கலைன்னா கத்தியா மாறிச்சு?"

எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்தக் கேள்வி விடவில்லை. அதே உருக்கு, அதே கூர், அதே கை. ஆடும் ஆடுதான். அப்படியானால் என்ன மாறியது? தம்பிகளே, வாடிக்கையாளர் புகாரோடு வரும்போது உங்கள் வாயில் முதலில் வருவது பதில். அதை விழுங்கிவிட்டுக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு ஐம்பது வயது ஆயிற்று.

நான் முதலில் போட்ட கணக்கு, இந்த வாட்ஸ்அப் நிபுணர்கள் போடுகிற அதே கணக்குதான். மெல்லிய கூர் சீக்கிரம் போகும், தடித்த கூர் நிற்கும். எனவே இரண்டு காய் வைத்து ஒரு கத்தியைத் தயார் செய்து காக்கா கடையில் கொடுத்தேன். அன்று மாலையே திரும்பி வந்தது.

"அழுத்த வேண்டியிருக்கு அண்ணாச்சி."

"ஆனா கூர் போவாதுல்லா?"

"கூர் போவாது, சரி. அழுத்தி அறுத்தா அது நசுக்குத மாதிரி. கோடாலிய வச்சிக்கிட்டும் நிக்கலாம், அதுவும் போவாது."

நியாயம்தான். நிற்கிற கூர் வேறு, வேலை செய்கிற கூர் வேறு. நாற்காலிகூடத்தான் நிற்கிறது.

அப்போதுதான் பக்கத்துக் கடைக்காரரிடம் போனேன். வாட்ச் ரிப்பேர் செய்கிற மராட்டியர். அவர் பெயரை எழுதினால் கோபித்துக்கொள்வார், விளம்பரமே பிடிக்காத மனிதர். கண்ணில் மாட்டுகிற அவருடைய லென்ஸைக் கேட்டேன். அவர் உடனே தரவில்லை. என் கையிலிருந்த இன்னொரு கத்தியை, நான் கண்ணாடி ஆக்கி வைத்திருந்ததை, வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணா, தும் சாக்கூ நஹி தேக்தா. சாக்கூ மே அப்னா மூஹ் தேக்தா ஹை."

நான் கத்தியைப் பார்ப்பதே இல்லையாம். கத்தியில் என் மூஞ்சியைப் பார்க்கிறேனாம். அவரைவிடப் பதினைந்து வயது மூத்தவன் நான். கோபம் வந்தது. லென்ஸ் தேவைப்பட்டதால் சிரித்துவைத்தேன்.

பெருநாள் கத்தியை நான் தீட்டாமல் அப்படியே காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன். நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். உருப்படாமல் போன கத்தியை உடனே சரி செய்யாதீர்கள். அது சாட்சி. தீட்டிவிட்டால் சாட்சி போய்விடும்.

லென்ஸில் பார்த்தேன். கூர் மடிந்திருக்கும் என்று நினைத்தேன். மெல்லிய கூர் கடினமானதில் இடித்தால் இலை மாதிரி ஒரு பக்கம் சாயும். அப்படி ஒன்றும் இல்லை. அதற்குப் பதிலாகக் கத்தியின் நடுப்பகுதியில் நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு. நல்ல கூர் வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரியும், ஏனென்றால் வெளிச்சம் உட்கார அங்கே இடமே இல்லை. இங்கே வெளிச்சம் உட்கார்ந்திருந்தது. அதாவது நுனி தேய்ந்து உருண்டிருந்தது. குறுக்காகச் சின்னச் சின்னக் கீறல்கள். எனக்குப் பழக்கமான கீறல்கள். தினமும் பார்க்கிறவை. சாணைக் கல்லில் மொட்டைக் கத்தியைத் தேய்த்தால் விழுகிற கீறல்கள்!

ஆட்டின் கழுத்தில் சாணைக் கல் எங்கிருந்து வந்தது?

இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கடையை மூடிவிட்டுத் தேவனார் ஆட்டுச் சந்தைக்குப் போனேன். ஆடு வாங்குகிறவன் மாதிரி நடந்தேன். ராஜஸ்தான் பக்கத்திலிருந்து லாரியில் வந்த உயரமான கிடா ஒன்றின் கழுத்து முடிக்குள் விரலை விட்டு அடிவரை கோதினேன். வியாபாரி சந்தேகமாகப் பார்த்து இந்தியில் கேட்டான்.

"என்ன பாக்குற? பல்லைப் பாக்கணும்னா அது வாயைத் திற. கழுத்துல என்ன இருக்கு?"

கழுத்தில்தான் இருந்தது. விரலை வெளியே எடுத்துப் பார்த்தால் நகக்கண் முழுக்க மணல். நரநரவென்று தேய்த்துப் பார்த்தேன். பாலைவனத்திலிருந்து கிளம்பி, லாரியில் படுத்து, சந்தைத் தரையில் புரண்டு வந்த மணல். மணல் என்பது வேறென்ன? நம் கல்லின் பொடிதானே! நான் கடையில் உட்கார்ந்து கல்லால் கூர் வைக்கிறேன். அது ஆட்டின் கழுத்தில் உட்கார்ந்து என் கூரை எடுக்கிறது.

கறிக்கடையில் ஏன் ஒரு வாரம் நின்றது என்பதும் அங்கேயே புரிந்தது. கடையில் அந்தக் கத்தி வெட்டுவது தோல் உரித்துக் கழுவிய கறியை. என் இடது கை? தினமும் சோப்புப் போட்டுக் குளிக்கிற கை. அந்தக் கையை வைத்து நான் ஆட்டுக்கு உத்தரவாதம் கொடுத்திருக்கிறேன்.

அந்த இடத்தில் நின்று நான் சத்தமாகச் சிரித்ததில் வியாபாரி விலையைக் குறைத்தான்.

அதற்குப் பிறகு வீடு சணல் கயிறாகிவிட்டது. மணல் படிந்த ஆட்டு முடிக்குப் பதிலாகக் கயிற்றில் ஈர மணலைப் பூசிக் காயவைத்து அறுப்பேன். ஒவ்வொரு கத்திக்கும் கைப்பிடியில் வேறு நிறத்தில் நூல். எத்தனை அறுப்புக்குப் பிறகு வழுக்குகிறது என்று சுவரில் கரிக்கோடு போடுவேன். "பெயின்ட் அடிச்சு மூணு மாசம் ஆவல" என்று வீட்டுக்காரி கத்தினாள். பிறகு அவளே கோடு போட ஆரம்பித்துவிட்டாள், நான் எண்ணும்போது ஏமாற்றுகிறேன் என்று சொல்லி.

ஏமாற்றினேன்தான். ஏனென்றால் கண்ணாடிக் கத்தி தோற்றுக்கொண்டே இருந்தது. நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய கூர் மணல் கயிற்றில் சீக்கிரமே வழுக்கியது. அதே சரிவில், தோல் பட்டையில் தேய்க்காமல், நடுத்தரக் கல்லோடு நிறுத்திய கத்தி போய்க்கொண்டே இருந்தது. நம்பிக்கை இல்லாமல் மறுபடி செய்தேன். மறுபடியும் அதேதான். லென்ஸில் பார்த்தபோது விளங்கியது. கல்லோடு விட்ட கூரில் கண்ணுக்குத் தெரியாத பற்கள் இருக்கின்றன. கொஞ்சம் தேய்ந்தாலும் அவை நாரைக் கவ்வுகின்றன. கண்ணாடிக் கூருக்குக் கவ்வ எதுவும் இல்லை. தேய்ந்தால் வழுக்குவதைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை.

முப்பது வருஷமாக எதை என் கையெழுத்து என்று நினைத்தேனோ, அதுதான் அந்த ஆட்டின் கழுத்தில் வழுக்கியிருக்கிறது. அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

இனி சரிவு. ஒரு காய் நன்றாக ஓடியது, சீக்கிரம் தேய்ந்தது. இரண்டு காய் நின்றது, ஓடவில்லை. நடுவில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை. எங்கள் தெரு கேரம் கிளப்பிலிருந்து ஒரு கறுப்புக் காயை எடுத்து வந்து ரம்பத்தால் கிடைமட்டமாக இரண்டாகப் பிளந்தேன். அந்தக் கிளப் பையன்கள் இன்றுவரை என்னைக் 'காய்த் திருடன்' என்கிறார்கள். கத்தியின் உடம்பை முழுக்க ஒரு காயில் மெல்லிசாக்கிவிட்டு, கடைசி ஏழெட்டு இழுப்பை மட்டும் ஒன்றரைக் காயில் இழுத்தேன். நுனியில் மட்டும் மயிரிழை அகலத்துக்கு ஒரு சின்னச் சரிவு. உள்ளே நுழைவது மெல்லிய உடம்பு. தேய்மானத்தைத் தாங்குவது தடித்த நுனி. சுவரில் கரிக்கோடு ஜன்னல் வரை போனது.

அடுத்த பக்ரீத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது காக்கா கடைக்குப் போனேன்.

"இந்தத் தடவ நீங்கதான் செய்யணும் காக்கா."

"நான்தான் சொல்லிட்டேன்லா. மச்சான் பாத்துக்கிடுவான்."

நான் கத்தியை நீட்டினேன். வாங்கியவர் முகம் சுருங்கிவிட்டது. "என்ன அண்ணாச்சி, மூஞ்சி தெரியலையே? பாதியிலேயே எடுத்துட்டு வந்துட்டியளா?"

"அவ்வளவுதான் வேலை. மூஞ்சி பாக்கணும்னா வீட்டுல கண்ணாடி இருக்கு." இதைச் சொல்லும்போது என் காது சுட்டது. "இன்னும் ரெண்டு விஷயம். ஆட்டோட கழுத்தைத் தண்ணி விட்டு, முடிக்கு அடி வரைக்கும் அலசணும். மணல் போவணும். அப்புறம், ஒரு கத்தி போதாது. ஏழு கொண்டு வாரேன்."

"ஏழா? போன வருஷம் ஒண்ணு போதும்னியளே!"

"போன வருஷம் சொன்னவன் வேற ஆளு."

காக்கா வெகு நேரம் கத்தியைப் பார்த்தார். பிறகு கேட்டார்: "நீங்க வெளியில நிப்பியளா?"

"நிப்பேன்."

பக்ரீத் அன்று இருபத்துநாலு ஆடு. மணல் கயிற்றுக் கணக்குப்படி ஒரு கத்தி பதினாறு ஆடு தாங்கலாம். நான் நாலோடு மாற்றச் சொன்னேன். தாங்குகிற எல்லை வரை போனவனுக்கு எல்லை எங்கே என்று தெரிவது அதைத் தாண்டிய பிறகுதான். நாலு நாலாக ஆறு கத்தி, கையிருப்பாக ஒன்று. எல்லாவற்றையும் தனித்தனியாகத் துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, தகரத் தடுப்புக்கு வெளியே உட்கார்ந்தேன்.

முதல் கத்தி நாலு. இரண்டாவது நாலு. காக்கா வெளியே வந்து கத்தியை மாற்றும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒன்பதாவது ஆடு உள்ளே போனது. நான் தகரத்தில் காதை வைத்தேன். உள்ளே பிஸ்மில்லா சொல்லும் சத்தம். பிறகு அமைதி. பத்தாவது ஆடும் போனது.

உடனே காக்கா வெளியே வந்துவிட்டார். மூன்றாவது கத்தி, இரண்டே ஆடு.

"என்ன காக்கா?"

"ஆடு சரியாப் போச்சு. முடிச்ச பொறவு எதுலயோ கிர்ருன்னுச்சு."

லென்ஸில் பார்த்தேன். ஒரே இடத்தில் மடிப்பு. அலசும்போது கவனிக்காமல் விட்ட கழுத்து மணிக் கம்பி. மணல் இல்லை, தேய்மானம் இல்லை. இரண்டு இழுப்பில் சரியாகிவிடும். கல் என் பையிலேயே இருந்தது. கை தானாகப் பைக்குள் போய்க் கல்லை வெளியே எடுத்துவிட்டது. கையிருப்பு ஒன்றுதான். இது சரியானால் அதைத் தொட வேண்டியதில்லை.

நிமிர்ந்தேன். இரண்டு முழம் தள்ளிக் கட்டியிருந்த கிடா என் பைத் துணியின் நுனியை மென்றுகொண்டே என்னைப் பார்த்தது.

கல்லைப் பைக்குள் போட்டேன். மடிந்த கத்தியைத் துணியில் சுற்றினேன். "அடுத்த கத்தியை அவுருங்க காக்கா" என்றேன். காக்கா நான் கல்லை எடுத்ததையும் பார்த்தார், வைத்ததையும் பார்த்தார். அடுத்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போனார்.

நாலாவது கத்தி. நாலு ஆடு முடிந்தது. காக்கா வெளியே வரவில்லை. ஐந்தாவது ஆட்டை உள்ளே கொண்டுபோனார்கள். நான் எழுந்து தகரத்தைத் தட்டினேன்.

"காக்கா, நாலு ஆச்சு! மாத்துங்க!"

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "இருங்க. இன்னும் நிக்கிது. என் கை சொல்லுது."

உட்கார்ந்துவிட்டேன். அந்த வார்த்தைக்குப் பிறகு எனக்கு அங்கே வேலை இல்லை என்று தெரிந்தது. ஐந்தாவது கத்தியும் ஐந்து ஆடு போனது. ஆறாவது, மீதி நாலையும் முடித்தது.

முலுண்ட் தம்பி போன மாதம் என் வீட்டுக்கு வந்தான். அன்றைய கத்திகளில் ஒன்றை வாங்கி, போனைச் சாய்த்து வைத்து அளந்தான். ஏதோ ஒரு நம்பர் சொன்னான். ரொம்பச் சந்தோஷமாக எழுதிக்கொண்டான். எழுதட்டும். ஆனால் அந்த நம்பரை மாட்டுங்காவில் வாழைக்காய் சீவுகிறவரிடம் கொண்டுபோய் வைக்காதே தம்பி. அவர் காயில் மணல் இல்லை. முதலில் அவருடைய காய்க்குள் விரலை விட்டுப் பார். உன் கேரம் காயை அதற்குப் பிறகு அடுக்கு.

அந்தப் பெருநாள் அன்று எல்லாம் முடிந்து காக்கா குளித்துவிட்டு, புதுச் சட்டை போட்டு, என் கடைக்கு வந்தார். ஆறு கத்தியையும் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார். ஏழாவதையும் எடுத்து மேஜையில் வைத்தார். நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது.

"இதுக்கு வேலை வரல அண்ணாச்சி" என்றார். "அடுத்த வருஷத்துக்கு வச்சிருங்க. நான் வாங்கிக்கிடுதேன்."